வெளிச் சாப்பாடு கிடையாது, காய்ச்சிய தண்ணீர்தான். பிறகு எப்படி வருகிறது இந்தப் பூச்சி?

#1 · தூக்கம்கெட்டவன்

மகளுக்கு ஆறு வயது. மூன்று மாதத்தில் இது மூன்றாவது முறை. இரவு பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு "அப்பா, கடிக்குது" என்று அழுகிறாள். நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆசனவாய் ஓரத்தில் வெள்ளை நூல் துண்டு போல ஒன்று. நூல்தான் என்று நினைத்தேன், நெளிந்தது. ஒரு சென்டிமீட்டர் இருக்கும்.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். வெளியில் சாப்பிடுவதில்லை. அசைவம் கிடையாது. காய்கறியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் நறுக்குகிறோம். இனிப்பையும் நிறுத்தியாயிற்று. மோஷன் டெஸ்ட் இரண்டு முறை எடுத்தோம், இரண்டிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. மாத்திரை கொடுத்தால் மூன்று நான்கு வாரம் நிம்மதி, அப்புறம் பழைய கதை.

என் சந்தேகமெல்லாம் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டி மேல்தான். காரசாரமாக ஒரு மெயில் தட்டி வைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன் இங்கே கேட்கலாம் என்று வந்தேன். ஓட்டை எங்கே இருக்கிறது?

#2 · வாய்த்துடுக்கு

இனிப்பை எதற்கு சார் நிறுத்தினீர்கள்? பூச்சி செய்த தப்புக்குக் குழந்தைக்குத் தண்டனையா?

#3 · ஆய்வகப்பூனை

இருபது வருடத்துக்கு மேலாக அடுத்தவர் மலத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். லேப் டெக்னீஷியன், மருத்துவர் அல்ல. அதனால் மருந்தை விட்டுவிட்டுப் புழுவைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நீங்கள் டார்ச்சில் பார்த்தது கீரிப்பூச்சி. நூல்புழு, ஊசிப்புழு என்றும் சொல்வார்கள். தொட்டியை விட்டுவிடுங்கள். திருடன் கொல்லைப்புறமாக வந்துபோகிறான், நீங்கள் வாசலுக்கு நாலு பூட்டுப் போட்டிருக்கிறீர்கள்.

பெண்புழு பகலில் பெருங்குடலோடு கிடக்கும். குழந்தை தூங்கியதும் இறங்கி வெளியே வந்து, ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் முட்டையிடும். ஒரு புழு பத்தாயிரத்துக்கு மேல்கூட இடும். முட்டைகள் பசை போல ஒட்டிக்கொள்ளும், அரிக்கும். குழந்தை தூக்கத்திலேயே சொறியும். நகக்கண்ணில் முட்டை ஏறும். விரல் வாய்க்குப் போகும். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். இட்டதிலிருந்து நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் அந்த முட்டை அடுத்தவருக்குத் தொற்றத் தயாராகிவிடும். இரவு பதினொன்றுக்கு இட்டது, பால்காரர் மணியடிக்கும்போது தயார். குளிர்ச்சியான, ஈரப்பதமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் உயிரோடு கிடக்கும்: படுக்கை விரிப்பு, உள்ளாடை, பொம்மை, கழிப்பறைக் கதவின் கைப்பிடி. விரிப்பைப் பட் பட்டென்று உதறினால் தூசியோடு பறந்து வாய்க்குள்ளும் போகும்.

மோஷன் டெஸ்டில் ஏன் மாட்டவில்லை என்றால், முட்டை மலத்தில் இல்லை, தோலில் இருக்கிறது. இதற்கு வேறு பரிசோதனை. காலையில் எழுந்ததும், கழிப்பறைக்குப் போவதற்கு முன், கழுவுவதற்கும் முன், ஒளி ஊடுருவும் செலோ டேப்பை ஆசனவாய்த் தோலில் ஒற்றி எடுத்து, ஒரு ஸ்லைடில் ஒட்டி லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். தொடர்ந்து மூன்று காலை செய்தால் பெரும்பாலும் தப்பாது. லென்ஸுக்கு அடியில் பார்க்க அழகாகவே இருக்கும்: ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு, கண்ணாடி போன்ற ஓடு, உள்ளே மடங்கிக் கிடக்கும் குட்டிப்புழு. அழகு என்று நான் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், தொழில் அப்படி.

மாத்திரை திரும்பத் திரும்பத் தோற்பதற்கும் காரணம் இதுதான். அது புழுவைக் கொல்லும், முட்டையை நம்ப முடியாது. அதனால்தான் இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை கொடுப்பார்கள், அதுவும் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நாளில். உங்களுக்கு அப்படிச் சொன்னார்களா?

#4 · தூக்கம்கெட்டவன்

இரண்டாவது வேளையைச் சொன்ன ஞாபகம் இருக்கிறது. அதற்குள் அரிப்பு நின்றுவிட்டதால் கொடுக்கவில்லை. தப்புதான்.

ஆனால் எங்களுக்கு எதற்கு மாத்திரை? எனக்கோ மனைவிக்கோ பெரியவனுக்கோ அரிப்பு கிரிப்பு எதுவும் கிடையாதே.

#5 · ஆய்வகப்பூனை

அரிப்பு இல்லாதவர்தான் அடுத்த சுற்றைத் தொடங்கி வைப்பவர். டேப் எல்லோருக்கும் ஒட்டுங்கள். உங்களுக்கும்தான்.

#6 · அரைவைத்தியன்

இனிப்பு தின்றால் பூச்சி வைக்கும், இது காலங்காலமாகச் சொல்வது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தாலும் பூச்சிதான். இரண்டு வேளை நல்ல கசப்பாக எதையாவது கொடுங்கள், தானாக இறங்கிவிடும்.

#7 · ஆய்வகப்பூனை

அரைவைத்தியன் ஐயா, கோபப்படாமல் கேளுங்கள். புழு சர்க்கரையில் பிறப்பதில்லை. வெளியிலிருந்து ஒரு முட்டையோ இளம்புழுவோ உள்ளே போனால்தான் உண்டு. இனிப்புப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். கையைக் கழுவாமல், விரலைச் சப்பிச் சப்பிக் குழந்தைகள் சாப்பிடுவது இனிப்பைத்தான். பழி பண்டத்துக்கு, குற்றவாளி விரல். இது என் ஊகம் மட்டுமே. பல் கடிப்பதையும் பூச்சியையும் இணைக்கத் தெளிவான ஆதாரம் கிடையாது. பூச்சி இல்லாத பிள்ளைகளும் கடிக்கிறார்கள்.

கசப்பு குடித்தால் வாய்தான் கசக்கும்.

#8 · நாடோடிக்கால்

தலைப்பில் தண்ணீர் என்று இருப்பதால் என் கதையையும் போடுகிறேன். மலையேற்றத்தில் ஓர் ஓடை. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. இரண்டு கை அள்ளிக் குடித்தேன். பத்து நாள் கழித்து, ஓடையையே மறந்துவிட்ட பிறகு, ஆரம்பித்தது. வயிறு உப்புசம், அழுகிய முட்டை வாடையில் ஏப்பம், எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கிற மலம். (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்க.) அலுவலகக் கூட்டத்தில் ஏப்பம் வந்தால் பக்கத்து நாற்காலி நகரும். முதல் மோஷன் டெஸ்ட் சுத்தம், இரண்டாவதும் சுத்தம், மூன்றாவதில்தான் ஜியார்டியா என்று மாட்டியது. மருந்தில் சரியானது. ஆனால் அதன் பிறகு சில வாரம் பால் குடித்தாலே வயிறு புரண்டது.

தெளிவாக இருந்தால் சுத்தம் என்று நம்பியதுதான் நான் செய்த மடத்தனம்.

#9 · ஆய்வகப்பூனை

மூன்றாவதில் மாட்டியது அதிர்ஷ்டம் அல்ல, வழக்கமே அதுதான். ஜியார்டியா தினமும் ஒரே அளவில் வெளியேறாது. அதனால்தான் வேறு வேறு நாளில் மூன்று மாதிரி கேட்கிறோம். ஒன்று கொடுத்துவிட்டு "நார்மல்" என்று போகிறவர்கள் பாதிக் கதையோடு போகிறார்கள்.

இதைக் கண்ணால் முதலில் பார்த்தவராகச் சொல்லப்படுபவர் லேவன்ஹூக் என்ற டச்சுக்காரர். 1681இல், தன் சொந்த வயிற்றுப்போக்கை, தானே தேய்த்த லென்ஸில். எங்கள் தொழிலுக்கு அவர்தான் குலதெய்வம்.

இன்னொன்று. இது புழு அல்ல, ஒற்றைச் செல் உயிரி. வெளியே வரும்போது தடித்த ஓட்டுக்குள் சுருண்டு உறங்கும், அந்த நிலைக்கு சிஸ்ட் என்று பெயர். பத்து சிஸ்ட் போதும் ஒருவரைப் படுக்கவைக்க. கீரிப்பூச்சி மாதிரி ஆறு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம், வெளியே வந்த நிமிடமே தொற்றும். அதனால் டயப்பர் மாற்றிய கையே போதும், ஓடை வேண்டியதில்லை. குழந்தைகள் காப்பகங்களில் அடிக்கடி வருவது இதனால்தான்.

#10 · நீர்க்குமிழி

நான் குடிநீர்ச் சுத்திகரிப்பில் வேலை பார்க்கிறவன். இந்த இழையில் இன்னும் யாரும் குளோரின் பற்றிப் பேசாதது ஆச்சரியமாக இருக்கிறது, ஆகவே நானே தொடங்குகிறேன்.

குளோரின் போட்ட தண்ணீர் என்றால் எல்லாம் செத்துவிட்டது என்று நினைப்போம். பாக்டீரியா விஷயத்தில் அது பெரும்பாலும் உண்மை. ஜியார்டியா சிஸ்ட் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கிரிப்டோஸ்போரிடியம், சுருக்கமாக கிரிப்டோ, என்று இன்னொரு ஒற்றைச் செல் உயிரி இருக்கிறது, அது குளோரினைச் சட்டையே செய்யாது. நீச்சல் குளத்தில் வழக்கமாக இருக்கும் குளோரின் அளவில் பத்து நாளுக்கு மேல் உயிரோடு இருக்கும். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் குளத்தில் இறக்காதீர்கள் என்பது வெறும் நாகரிகத்துக்காகச் சொல்வது அல்ல.

1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நடந்ததை எங்கள் துறையில் வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். ஏரித் தண்ணீர், முறையான சுத்திகரிப்பு நிலையம், குளோரின் எல்லாம் இருந்தது. வடிகட்டும் கட்டம் சரியாக வேலை செய்யாமல் தண்ணீரின் கலங்கல் ஏறியது. கிரிப்டோ உள்ளே நுழைந்து குழாய் வழியாக ஊரெங்கும் போனது. ஏறக்குறைய 4,03,000 பேருக்கு வயிற்றுப்போக்கு. நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், குறிப்பாக எய்ட்ஸ் நோயாளிகள், இறந்துபோனார்கள். அன்றைக்கு இருந்த விதிகளின்படி அந்தத் தண்ணீர் பெரும்பாலும் "பாஸ்" ஆகியிருந்தது என்பதுதான் எங்களைத் தூங்கவிடாத சங்கதி.

வீட்டளவில் என்ன செய்யலாம்? காய்ச்சுவதுதான் ராஜா. கொதி தளதளவென்று வந்த பிறகு ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் மூன்று நிமிடம். அதற்கு மேல் காய்ச்சுவது எரிவாயுவுக்குத்தான் செலவு. வடிகட்டி என்றால், கிரிப்டோவின் அளவு 4 முதல் 6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆகவே 1 மைக்ரான் அல்லது அதற்கும் சிறிய துளை உறுதியாக இருக்க வேண்டும். "ஏறக்குறைய 1 மைக்ரான்" என்று அட்டையில் எழுதியிருப்பது போதாது. புற ஊதா விளக்கு ஜியார்டியா, கிரிப்டோ இரண்டையும் நன்றாகவே செயலிழக்கச் செய்யும், ஆனால் தண்ணீர் கலங்கலாக இருந்தால் வெளிச்சம் புகாது, விளக்கு எரிவது அழகுக்குத்தான்.

#11 · தூக்கம்கெட்டவன்

அப்படியானால் காய்ச்சுகிற எங்கள் வீட்டுத் தண்ணீர் பத்திரம்தானே? இதிலாவது நான் ஜெயித்தேனா?

#12 · நீர்க்குமிழி

காய்ச்சிய பாத்திரத்துக்குள் டம்ளரை எப்படி விடுகிறீர்கள்? டம்ளரின் வாயைப் பிடித்துக்கொண்டு, விரல் தண்ணீரில் முங்க? பல வீடுகளில் நான் பார்க்கிற காட்சி இது. அடுப்பில் கொன்றதை விரலால் திரும்பச் சேர்ப்பார்கள். நீளப் பிடி வைத்த கரண்டியோ குழாய் வைத்த பாத்திரமோ இருந்தால் கவலையில்லை. அப்புறம் பல் துலக்கி வாய் கொப்பளிப்பது எந்தத் தண்ணீரில்? ஐஸ் கட்டி எந்தத் தண்ணீரில்? உறைந்தால் செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வீட்டு ஃப்ரீசரை நம்பி அப்படி இருக்க முடியாது.

1933இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்தவர்களிடையே அமீபா சீதபேதி பரவியது. தோண்டிப் பார்த்தால், நகரக் குடிநீர் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அவர்கள் தங்கிய விடுதிக் கட்டடத்துக்குள், குடிநீர்க் குழாய் அமைப்பில் கழிவுநீர் கலந்திருக்கிறது. வந்தவர்கள் தொற்றோடு தங்கள் ஊர்களுக்குத் திரும்பிப் போன பிறகுதான் விஷயம் பெரிதாக வெளியே வந்தது. தண்ணீர் கெடுவது பெரும்பாலும் கடைசி சில அடிகளில்.

#13 · வாய்த்துடுக்கு

டம்ளரை எப்படிப் பிடிக்கிறேன் என்று இப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த இழையைப் படிக்காமலே இருந்திருக்கலாம்.

#14 · மெல்லோசை

ஒரு சந்தேகம். அசைவம் சாப்பிடாதவர்களுக்கு நாடாப்புழு வராது என்பது சரிதானே? உறவில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்து, ஸ்கேன் பார்த்துவிட்டு "மூளையில் நாடாப்புழுக் கட்டி" என்றார்கள். பிறந்ததிலிருந்து சைவம். எங்கோ பரிசோதனையில் தப்பு நடந்திருக்கிறது என்று குடும்பமே சொல்கிறது.

#15 · ஆய்வகப்பூனை

பரிசோதனையில் தப்பு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் குழப்பம் படித்தவர்களிடமும் இருக்கிறது.

பன்றி நாடாப்புழுவுக்கு இரண்டு முகம். ஒன்று, சரியாக வேகாத பன்றி இறைச்சியில் இருக்கும் கட்டியை, அதாவது இளம்புழுவை, சாப்பிடுவது. அது குடலில் போய் நீள நாடாவாக வளரும். மீட்டர் கணக்கில் நீளம், ஆனால் ஆளுக்குப் பெரும்பாலும் பெரிய தொந்தரவு தெரியாது. இதற்கு இறைச்சி வேண்டும்.

இரண்டாவது வழிக்கு இறைச்சியே வேண்டாம். நாடாப்புழு உள்ளவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். அவர் கையைச் சரியாகக் கழுவாமல் உங்களுக்குச் சமைத்துப் போட்டால், அல்லது அந்த முட்டை ஒட்டிய கீரையைப் பச்சையாக நீங்கள் சாப்பிட்டால், பன்றிக்கு நடக்க வேண்டியது உங்களுக்கு நடக்கும். முட்டை குடலில் பொரிந்து, ரத்தம் வழியாகப் போய்த் தசையிலும் மூளையிலும் கட்டியாக உட்காரும். வலிப்பு வருவது அதனால். உலகின் பல பகுதிகளில் பெரியவர்களுக்குப் புதிதாக வரும் வலிப்புக்கு இது முக்கியக் காரணங்களில் ஒன்று.

1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில், மத நம்பிக்கையால் பன்றியைத் தொடவே தொடாத யூதக் குடும்பங்களில் இந்த மூளைக் கட்டி வந்தது. எல்லோருக்கும் திகைப்பு. கடைசியில் வீட்டு வேலைக்கு இருந்தவர்கள் பக்கம் பரிசோதனை திரும்பியது, அங்கே நாடாப்புழுத் தொற்று இருந்தது. அந்தப் பணியாளர்களுக்கே தங்களுக்கு அது இருப்பது தெரிந்திருக்காது. யார் மேலும் கோபப்பட இடமில்லாத வியாதி இது.

ஆகவே உங்கள் உறவுப் பெண்ணின் வீட்டில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பதை விட, வீட்டில் எல்லோரும் மலப் பரிசோதனை செய்துகொள்வது உருப்படியான வேலை. அந்தப் பெண்ணை நரம்பியல் மருத்துவர் பார்க்கட்டும். வலிப்பு வந்திருக்கும் நிலையில் யாரும் தாங்களாகப் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். மூளையில் கட்டி இருக்கும்போது அந்த மருந்தே வீக்கத்தைக் கிளப்பிவிடக் கூடும்.

#16 · நெறியாளர்

மேலே சொன்ன கடைசி வரியை எல்லோரும் மறுபடி படிக்கவும். மருந்தின் பெயர், அளவு கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் உள்ள வீடுகள் கட்டாயம் மருத்துவரிடம் போகவும். இழை தொடரட்டும்.

#17 · தோட்டக்காரி

முதல் பதிவில் சொன்ன மாதிரி காய்கறியை உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது வீண்வேலையா? நானும் அதைத்தான் செய்கிறேன். வீட்டுத் தோட்டத்துக் கீரைக்கு மட்கிய எருதான் போடுகிறேன். அது பரவாயில்லையா?

#18 · ஆய்வகப்பூனை

காய்கறி, கீரை விஷயத்தில் பயப்பட வேண்டியது உருண்டைப்புழு என்ற வேறொரு குடல்புழுவுக்கு. உப்பு, வினிகர், மஞ்சள் எதையும் நம்பி அதன் முட்டையை விட்டுவிட முடியாது. முட்டைக்கு மேலே புடைப்புப் புடைப்பாக ஒரு தடித்த மேலுறை உண்டு, தங்கப் பழுப்பு நிறத்தில். ரசாயனம் உள்ளே இறங்குவது கடினம். குளோரினுக்கும் மசியாது. சமாளிக்க இரண்டு வழிதான்: தேய்த்து நீக்குவது, வெப்பத்தில் கொல்வது. ஓடுகிற தண்ணீரில் கீரையை இலை இலையாகப் பிரித்து, காம்பு மடிப்புகளை விரலால் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஒட்டும் தன்மை கொண்டது, சும்மா முக்கி எடுத்தால் இலையோடே வந்துவிடும். ஊறவைத்த தண்ணீரிலேயே அடுத்த கட்டையும் முக்குகிறவர்கள், ஒரு கட்டில் இருந்ததை எல்லாக் கட்டுக்கும் பங்கு வைக்கிறார்கள். சமைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

எருவைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான். அதில் மனித மலமோ கழிவுநீரோ சேர்கிறதா? சேர்ந்தால், குவியலின் எல்லாப் பகுதியும் 55 டிகிரிக்கு மேல் பல நாள் இருந்திருக்க வேண்டும், புரட்டிப் போட்டபடி. ஓரத்தில் குளிர்ந்து கிடக்கும் பகுதியில் முட்டை தப்பித்துவிடும். மண்ணில் அது வருடக்கணக்கில் காத்திருக்கக்கூடியது. ஒரு பெண்புழு ஒரு நாளைக்கு இடுவது சுமார் இரண்டு லட்சம் முட்டை, அத்தனையும் வீணாகப் போனாலும் ஒன்று போதும் அதற்கு. பாசனத்துக்கு விடும் கழிவுநீரில் லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்ததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. உருண்டைப்புழுவின் முட்டை புதிதாக வெளியே வந்தபோது யாரையும் தொற்றாது. மண்ணில் இரண்டு மூன்று வாரமாவது கிடந்து பழுக்க வேண்டும். ஆகவே இது கைக்குக் கை தாவுவதில்லை, மண்ணைச் சுற்றித்தான் வரும். கீரிப்பூச்சியை நகவெட்டியாலும் சோப்பாலும் மடக்கலாம். உருண்டைப்புழுவை மடக்கக் கழிப்பறை வேண்டும். "பூச்சி" என்று ஒரே பெயர் வைத்து ஒரே மாத்திரையைத் தேடுவதால்தான் நமக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

#19 · நாடோடிக்கால்

முட்டை வயிற்றுக்குள் போனதும் அங்கேயே பொரிந்து அங்கேயே வளரும், அவ்வளவுதானே?

#20 · ஆய்வகப்பூனை

நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1922இல் ஷிமேசு கொய்னோ என்ற ஜப்பானியக் குழந்தைகள் மருத்துவர் 2,000 உருண்டைப்புழு முட்டைகளைத் தானே விழுங்கினார். சில நாளில் காய்ச்சல், இருமல், நிமோனியா போன்ற நிலை. சளியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் இளம்புழுக்கள். குடலில் பொரிந்தது சுவரைத் துளைத்து, ஈரல், நுரையீரல் என்று ஒரு யாத்திரை போய், தொண்டைக்கு ஏறி, மறுபடி விழுங்கப்பட்டுத்தான் குடலுக்குத் திரும்புகிறது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர எதற்கு இத்தனை சுற்று என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தம்பிக்கும் பன்றியிலிருந்து வந்த முட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார். அந்த வீட்டு அம்மாவை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

#21 · வாய்த்துடுக்கு

சரி, வாயைக் கட்டிப்போட்டுவிட்டேன். இனி எதுவும் உள்ளே போகாது. நிம்மதியா?

#22 · தோட்டக்காரி

காலைக் கட்டவில்லையே! கொக்கிப்புழு வாயையே கேட்காது. என் கதை: ஈர மண்ணில் வெறுங்காலோடு களை பிடுங்கிய சில நாளில் கால் விரல் இடுக்கில் கடும் அரிப்பு, சிவந்த புள்ளிகள். சேற்றுப்புண் என்று விட்டுவிட்டேன். மாதங்கள் கழித்து மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் தரைமட்டம். இரும்புச்சத்து மாத்திரையை மூன்று மாதம் விழுங்கினேன், ஏறவே இல்லை. ஒரு மருத்துவர்தான் "மண்ணில் வேலை பார்ப்பீர்களா?" என்று கேட்டு மலப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

#23 · ஆய்வகப்பூனை

அந்தக் கேள்வியைக் கேட்ட மருத்துவருக்கு வணக்கம். கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது சில சொட்டுக்குள்தான், ஆனால் நூறு புழு, வருடக்கணக்கில் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தோல் வழியாக நுழைவதைக் கண்டுபிடித்த கதையும் விபத்துதான். எகிப்தில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர் 1890களில் இளம்புழு இருந்த நீரைத் தவறித் தன் கையில் சிந்திக்கொண்டார். எரிச்சல், சிவப்பு. பிறகு தன் மலத்திலேயே முட்டையைப் பார்த்தார். அதற்கு முன் 1880 வாக்கில், சுவிட்சர்லாந்தின் காட்ஹார்ட் மலைச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் ரத்தசோகையால் கூட்டமாகச் சாய்ந்தார்கள். குளிர்நாட்டில் எப்படி? சுரங்கத்தின் உள்ளே வெப்பம், ஈரம், கழிப்பறை கிடையாது. புழுவுக்கு வேண்டிய மூன்றும் அங்கே இருந்தன.

#24 · அரைவைத்தியன்

இவ்வளவு பேசுவதற்கு, எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தால் முடிந்தது கதை. கழிப்பறை, செருப்பு என்று எதற்கு இழுக்கிறீர்கள்?

#25 · நீர்க்குமிழி

ஐயா, கசப்பிலிருந்து மாத்திரைக்கு வந்ததற்கு மகிழ்ச்சி. மாத்திரை புழுச் சுமையைக் குறைக்கும், குழந்தைகளுக்கு அது பெரிய விஷயம். மண் வழியாகப் பரவும் புழுக்கள் உலகில் சுமார் 150 கோடிப் பேரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அத்தனை பேருக்கும் நாளைக்கே கழிப்பறை கட்ட முடியாது, ஆகவே மாத்திரை வேண்டும். ஆனால் மண்ணில் முட்டை அப்படியே கிடந்தால் சில மாதத்தில் திரும்ப வந்துவிடும். மண் வழியாகவே வரும் சாட்டைப்புழு என்ற இன்னொன்று ஒரே வேளை மாத்திரைக்குச் சரியாக மசிவதும் இல்லை.

தென் கொரியாவைப் பாருங்கள். 1971இல் நாடு தழுவிய கணக்கெடுப்பில் 84 சதவீதத்துக்கும் மேலானவர்களின் மலத்தில் ஏதாவது ஒரு புழுவின் முட்டை இருந்தது. 1997இல் அது 2.4 சதவீதம். பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வருடத்துக்கு இரண்டு முறை மலப் பரிசோதனை, இருப்பவர்களுக்கு மருந்து. அதே காலத்தில் வயலுக்கு மனித மலத்துக்குப் பதில் ரசாயன உரம், வீட்டுக்குக் கழிப்பறை, குழாய்த் தண்ணீர். எது காரணம் என்று பிரிக்க முடியாத அளவுக்கு இரண்டும் சேர்ந்தே நடந்தது.

#26 · மெல்லோசை

சானிடைசர் போட்டால் போதாதா?

#27 · ஆய்வகப்பூனை

போதாது. கீரிப்பூச்சி முட்டைக்கும் கிரிப்டோவுக்கும் அந்த ஆல்கஹால் பெரிதாக ஒன்றும் செய்யாது. சோப்பும் கொல்வதில்லை, வழுக்கி இறக்கிவிடும், தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். நகக்கண் வரை தேய்க்க வேண்டும். நம்மில் பலர் உள்ளங்கையை மட்டும் ஈரமாக்கிவிட்டு கழுவியதாக நினைக்கிறோம்.

உறவுப் பெண் எப்படி இருக்கிறார்?

#28 · மெல்லோசை

நரம்பியல் மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். வலிப்பு நின்றிருக்கிறது. வீட்டில் எல்லோரையும் மலப் பரிசோதனைக்குச் சம்மதிக்கவைப்பதுதான் பெரும்பாடு.

#29 · தூக்கம்கெட்டவன்

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். டேப் முடிவு வந்துவிட்டது.

மகள்: இருக்கிறது. எதிர்பார்த்ததுதான். மனைவி: மூன்று நாளும் இல்லை. பெரியவன்: இல்லை. நான் கடைசியாக, பேருக்கு, சிரித்துக்கொண்டே கொடுத்தேன். எனக்கு இருக்கிறது. லேபில் இருந்தவர் ஸ்லைடைக் காட்டவா என்று கேட்டார், பார்த்தேன். ஆய்வகப்பூனை சொன்ன அதே தட்டைப் பக்கம். அழகாகத் தெரியவில்லை.

யோசித்தால் எல்லாம் பொருந்துகிறது. அவளைத் தூங்கவைப்பது நான், அதே படுக்கையில். எனக்கு நகம் கடிக்கிற பழக்கம் உண்டு, நாற்பது வயதிலும். காலையில் விரிப்பை எடுத்துப் பால்கனியில் ஓங்கி உதறுவதும் நான்தான், சுத்தத்தில் அவ்வளவு அக்கறை.

மருத்துவரிடம் போய் நான்கு பேரும் ஒரே நாளில் மாத்திரை எடுத்துக்கொண்டோம். இரண்டாவது வேளைக்குக் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறது. விரிப்பைச் சுருட்டி நேராகச் சுடுதண்ணீருக்கு. காலையில் எழுந்ததும் முதல் வேலை அவளுக்குக் குளியல். நகம் வெட்டும்போது மட்டும் வீட்டில் போர்.

#30 · ஆய்வகப்பூனை

மறுபடி அரித்தால், மாத்திரை தோற்றதாக முடிவுகட்டாமல் மறுபடி டேப் எடுங்கள். புதிதாகத் தொற்றியிருக்கவும் வாய்ப்புண்டு. வீட்டுக்கு வெளியே அவளோடு ஒட்டி விளையாடும் பிள்ளைகள் வீட்டிலும் நாசூக்காகச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, சுத்தமான வீடுகளிலும் வருவது இது.

#31 · தூக்கம்கெட்டவன்

ஏழு வாரம் ஆயிற்று. மூன்று காலை டேப், இருவருக்கும் சுத்தம். அவள் இரவு முழுக்கத் தூங்குகிறாள். நான்தான் பழக்கதோஷத்தில் பதினொரு மணிக்கு எழுந்து டார்ச்சோடு உட்கார்ந்திருக்கிறேன். இனிப்பும் திரும்ப வந்துவிட்டது.

#32 · வாய்த்துடுக்கு

பள்ளிக்கூடத்துக்கு அந்த மெயில்?

#33 · தூக்கம்கெட்டவன்

இழை தொடங்கிய அன்றைக்கே, முதல் பதில் வருவதற்குள் அனுப்பிவிட்டேன். தொட்டியைக் கழுவிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பதில் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.